கைநாட்டு

"உங்க அப்பா என்ன படிச்சிருக்கார்?" என்று கேட்டாள், தலைமுறை முன்னேற்றத்தைக் கணக்கெடுக்க வந்த பெண்.

"மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினதில்ல மேடம். மூட்டை தூக்கினார். ஒழுகுற குடிசை." கால்மேல் கால் போட்டுக்கொண்டான் அவன். "நான் டிகிரி, சொந்த பிசினஸ், இந்த மாடி வீடு. எல்லாம் தனியாளா சம்பாதிச்சது!"

அவளுக்குப் புல்லரித்தது. "பெரியவரும் கைநாட்டு வைக்கணுமே" என்று ஸ்டாம்ப் பேடைத் திறந்தாள்.

"அவர் தூங்கறார் மேடம்" என்று அவன் முடிப்பதற்குள் அறைக்கதவு திறந்தது. அவள் பதறி எழுந்தாள். "பிரின்சிபால் சார்! நீங்களா?"

அவர் படிவத்தை வாங்கிப் படித்தார். மகனின் பதில்களை அடித்துவிட்டு எழுதினார்: 'ஏழு அரியர். வேலை இல்லை. அப்பன் வீடு.'

"மூட்டை தூக்கினது மட்டும் நிஜம்மா, இன்னும் இறக்கி வைக்கல" என்றவர், கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்ப் பேடை மகன் பக்கம் தள்ளினார்.

"கைநாட்டு நீ வைடா."