அணில் கழட்டிய நட்டு

"ஏனுங்க அம்மணி, அணிலுக்கு நட்டு கழட்டத் தெரியுமுங்களா?"

பக்கத்து ஊட்டு வேங்கடசாமி ஐயா காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாரு. துணி காயப்போட்டுட்டிருந்த நானு கிளிப்பைக் கீழ போட்டுட்டேன்.

"அணிலுங்களா?"

"பின்னே? நேத்து நாந்தான் மாட்டுனேன். காத்தால பாத்தா தகரம் கீழ கெடக்குது. நட்டு மட்டும் துவைக்கற கல்லு மேல பதனமா இருக்குது!"

அவங்க ஊட்டுக்குப் பின்னால ஒரு இரும்புக் கம்பம். அது உச்சியில குருவிக்குத் தீனி வெக்கற டப்பா. அவரு சம்சாரம் வெங்கடலட்சுமியக்கா ஆசையா வெச்சது. அக்கா தை மாசம் போய்ச் சேந்துட்டாங்க. டப்பாவுல இருக்கற கம்பு, கடலை எல்லாத்தையும் இப்ப அணிலுங்கதான் காலி பண்ணுது. குருவி சுவத்துல உக்காந்து வேடிக்கை பாக்குது.

ஐயா மொதல்ல கம்பத்துக்குக் கிரீஸ் தடவுனாரு. மறுநாள் கம்பம் துடைச்சு வெச்சாப்புல பளபளன்னு இருந்துச்சு. அப்பறம் தகரத்தைப் புனல் மாதிரி வளைச்சு, அணிலு தாண்டி ஏற முடியாதபடி கம்பத்துல கவுத்து மாட்டி, நட்டு போட்டாரு. காலமெல்லாம் லேத் பட்டறை நடத்துன கை. அதையே அணிலு கழட்டுதுன்னா நானு என்னத்தைச் சொல்றது?

"இன்னைக்கு உன்னை உடறதில்லை பாரு!"ன்னு ஒரு சத்தம் போட்டாரு.

அணிலு கீழ உக்காந்து கடலை கொறிக்குது. இவரு அவங்க ஊட்டு மாடி ஜன்னலைப் பாத்துக் கத்துறாரு. வயசாச்சுன்னா திக்குத் தெரியாமப் போயிருமோ என்னமோ.

எங்க ஊட்டுக்காரரு அப்புசாமிகிட்டச் சொன்னேன்.

"ஆர்.எஸ்.புரத்து அணிலு. படிச்சதா இருக்கும்"னாரு, பேப்பரை இறக்காம. "உனக்கு எதுக்கு அடுத்த ஊட்டுப் பஞ்சாயத்து? சோலியைப் பாரு."

மனசு கேக்குதா? மறுநாள் விடியறப்பவே மொட்டை மாடியில போய் நின்னுட்டேன்.

அவங்க பின்கதவு தொறந்துச்சு. வந்தது அணிலு இல்லை. ஐயாவோட மருமக பிரத்யுஷா!

சுத்தியும் முத்தியும் பாத்தா. கையாலயே நட்டைத் திருகிக் கழட்டுனா. தகரத்தைச் சத்தம் வராம இறக்கி வெச்சா. போதாக்குறைக்கு ஒரு கை கடலையை வேற டப்பாவுல போட்டா.

அடக் கடவுளே!

பாவம்னு நெனைச்ச புள்ளை அது. சித்திரையில வயித்துக் குழந்தை தங்காமப் போச்சு. அதுல இருந்து பேங்க் வேலைக்கு லீவு போட்டுட்டு மாடி ரூமே கதின்னு கெடக்கறா. புருசன் யஷ்வந்த் சரவணம்பட்டிக் கம்பெனிக்குப் போனா இருட்டுனப்பறம்தான் வருவான். கஷ்டந்தான், இல்லேங்கலை. அதுக்காக பொண்டாட்டியைப் பறிகொடுத்த மனுசன்கிட்டயா லொள்ளு பண்றது? எனக்கு வந்துச்சே ஆத்திரம்! தடதடன்னு இறங்கிச் சுவரோரமாப் போயிட்டேன்.

"ஏன் கண்ணு, உனக்கே இது நல்லா இருக்குதா?"

அவ முகம் வெளுத்துப்போச்சு.

"மெதுவாப் பேசுங்கக்கா. மாமா முழிச்சுக்குவாரு."

"முழிக்கட்டும். பெரிய மனுசன் தினம் மாட்டறதைத் தினம் கழட்டறியே, அவருக்குப் பைத்தியம் புடிக்கோணுமா?"

அவ கண்ணு கலங்கிருச்சு.

"அத்தை போனப்பறம் மாமா கட்டிலை உட்டு எந்திரிக்கவே இல்லைக்கா. செவுத்தைப் பாத்தே படுத்திருந்தாரு. சோறு வெச்சா வெச்சபடி இருக்கும். அத்தை டப்பாவை அணிலு காலி பண்ணுதுன்னு தெரிஞ்சப்பத்தான் மொதமொதல்ல சத்தம் போட்டுட்டு எந்திரிச்சு வந்தாரு. அன்னைக்குத் தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. இந்தத் தகரத்தால அணிலு வாரது நின்னுபோச்சுன்னா, மறுபடியும் போய்ப் படுத்துக்குவாரேக்கா..."

சுவத்துக்கு மேல என் கையைப் புடிச்சுக்கிட்டா.

"அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்கக்கா."

"சொல்லமாட்டேன் கண்ணு"ன்னு சொல்லிட்டு ஊட்டுக்குள்ள வந்து ஒரு பாட்டம் அழுதேன். ஒரு நல்ல புள்ளையை என்ன பேச்சுப் பேசிப்போட்டேன்!

சாயங்காலம் ஐயா மறுபடியும் தகரத்தை மாட்டிட்டிருந்தாரு. காலடியில ஸ்பேனர் கெடக்குது. அதைத் தொடவே இல்லை. ரெண்டு விரல்ல நட்டைப் புடிச்சு, பட்டும் படாமத் திருகி உட்டுட்டுக் கையைத் தட்டிக்கிட்டாரு.

எனக்கு மறுபடியும் குழப்பம். லேத் பட்டறைக்காரருக்கு இதுகூடவா தெரியாது? என் வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்கய்யா, ஸ்பேனர் போட்டு இறுக்கலீங்களா? இப்படி மாட்டுனா கழட்டத்தானுங்க செய்யும்?"

கேட்டப்பறம்தான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

ஐயா மாடி ஜன்னலை ஒருக்கா நிமிந்து பாத்தாரு. சுவர்கிட்ட வந்து குரலைத் தாழ்த்துனாரு.

"குழந்தை தங்காமப் போனதுல இருந்து, அந்தப் புள்ள மேல வெளிக்காத்துப் படறதே காத்தால இதைக் கழட்ட வாரப்பத்தானுங்க அம்மணி. ஸ்பேனர் போட்டு இறுக்கிப்போட்டா, அது எப்படீங்க கழட்டும்?"