தலையிட முடியாது

குடிநீர் வாரியத் தலைவரின் மேசையில் பெரியவர் டக்கென்று ஒரு பாட்டிலை வைத்தார். உள்ளே கலங்கல் தண்ணீர்.

"பின்தெருக் குழாய்ல இதான் வருது. பிள்ளைங்கல்லாம் வாந்தி எடுக்குது. எப்ப சரி பண்ணுவீங்க?"

தலைவர் சுற்றி நின்ற ஊழியர்களைப் பார்த்துக்கொண்டார். "அரசு உத்தரவு வரணும், பெரியவரே. துறையில போய்க் கேளுங்க."

போனார். துறைச் செயலாளர் அம்மையார் பாட்டிலைத் தொடவே இல்லை.

"வாரியம் தன்னாட்சி அமைப்பு. நாங்க தலையிட முடியாது."

"தன்னாட்சின்னா?"

"அவங்க வேலை அவங்க பொறுப்பு."

"அவங்க உங்களைக் கை காட்டுறாங்க. அப்ப யாரும்மா கேக்கிறது?"

அம்மையார் அடுத்த கோப்பைத் திறந்தார்.

"நான் விடுறதா இல்லை" என்று பாட்டிலை இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

மாலையில் தலைவரும் செயலாளரும் ஒரே காரில் வந்து ஒரே வீட்டுக்குள் நுழைந்தார்கள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. சாப்பாட்டு மேசையில் அந்தப் பாட்டிலும் இரண்டு டம்ளரும்தான் இருந்தன.

"என்னப்பா, இன்னைக்குச் சமைக்கலையா?"

"மாமா, பசி உயிர் போகுது!"

பெரியவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"சமையல்கட்டு இன்னையிலேருந்து தன்னாட்சி. பின்தெருவுல நல்ல தண்ணி வர்ற வரைக்கும் நான் தலையிட முடியாது."

மகனும் மருமகளும் ஒரே நேரத்தில் அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள்.