பேதுருவின் இடது கால்

"வெளியே வாடா பாவி! என் முப்பது ஒலிவ மரத்தையும் கரிக்கட்டையாக்கிட்டு ஒளிஞ்சுக்கிட்டியே, சோறு எப்படிடா தொண்டையில இறங்குது? ஆம்பளையா இருந்தா வாடா!"

பிலோமினா யார் பெயரையும் சொல்லவில்லை. தீப்பிடித்து இருபது நாள். இருபது நாளும் சந்தைத் தெருக் குழாயடியில் நின்று, யாரோ ஒருவனை இப்படித் திட்டிவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவாள். ஊருக்கெல்லாம் பூட்ஸ் தைத்துக் கொடுத்துவந்த மாத்தேயோவின் விதவை. அந்த மரங்களை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

குழாய்க்கு நேர் எதிரே கத்தால்தோவின் எண்ணெய்க் கடை.

"அந்த அல்பேனியாக்கார இடையன் பெஸ்னிக்தான்க்கா!" என்று உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தான் கத்தால்தோ. "சிகரெட்டை வீசியிருப்பான். சனிக்கிழமை போலீஸ் வருதுல்ல? நாலு தட்டு தட்டினா தானா கக்கிடுவான்."

"பெஸ்னிக் சிகரெட்டே பிடிக்க மாட்டான்" என்றாள் பிலோமினா, கத்தால்தோவையே பார்த்து.

மேஜைக்கு அடியில் கத்தால்தோவின் இடது கால் விண்விண்ணென்று தெறித்தது.

தென்காற்று வீசும் நாளில் கவாத்து செய்து வெட்டிப்போட்ட கிளைகளைக் கொளுத்தக் கூடாது என்று அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கத்தால்தோ தன் தோட்டத்தில் கொளுத்தினான். என்ன அவசரமோ! தீ சுவர் தாண்டிப் பக்கத்துப் பிலோமினாவின் தோட்டத்தில் குதித்தது. ஏறிக் குதித்து மிதித்தான். இடது பூட்ஸின் ரப்பர் அடி உருகிக் காலோடு ஒட்டியது. உதறி எறிந்துவிட்டு ஓடியவன்தான். மறுநாள் போய்த் தேடினால் பூட்ஸைக் காணோம். எரிந்து சாம்பலாகியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

ஏன் நொண்டுகிறாய் என்று கேட்டவர்களிடம் கீல்வாதம் என்று சொல்லிவைத்தான்.

அன்றைக்குப் பெரிய வியாழன். சாயங்காலப் பூசையில், ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு சீடர்களாக உட்காருகிறவர்களில் பதினோரு வருஷமாகப் பேதுரு அவன்தான். போகாவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்குமா? போனாலும் பயமில்லை. அந்தக் கோயிலில் வலது காலை மட்டும்தான் கழுவுவார்கள். அதையும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, புது சாக்ஸ் மாட்டிக் கொண்டுபோவதுதான் வழக்கம். அழுக்குக் காலோடு ஆண்டவர் முன்னால் உட்கார அங்கே யாருக்கும் துணிச்சல் கிடையாது.

பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். புதுச் சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"இந்த வருஷம் ரெண்டு கால் ஷூவையும் கழட்டுங்க. ஒத்தக் காலால யாரும் பாவத்துக்கு நடந்து போறதில்லையே?"

கோயிலே சிரித்தது.

"ஐயையோ, என் இடது சாக்ஸ்ல ஓட்டை!" என்றான் பக்கத்து நாற்காலி வீத்தோ. ஊர் நாவிதன்.

கத்தால்தோ இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். ஓடலாமா? வாசல்வரை ஜனம். கடைசித் தூணோரம் பெஸ்னிக் நின்றான், தொப்பியைக் கசக்கிக்கொண்டு. அவனைச் சுற்றி மட்டும் ஒரு ஆள் இடம் காலி.

போதாக்குறைக்கு, பீடத் துணி துவைக்கிறவள்தான் சடங்குக்குத் துண்டு பிடிக்க வேண்டும். சாமியாருக்குப் பின்னால் துண்டுகளோடு வந்தவள் பிலோமினா!

"என்ன பேதுரு, இப்படி வேர்த்து ஊத்துது?" வீத்தோ கிசுகிசுத்தான். "ஆண்டவரைத் தெரியாதுன்னு மூணு தடவை பொய் சொன்னப்புறம்தானே சேவல் கூவும், இன்னும் கூவலையேப்பா!"

தண்ணீர்ச் சத்தம் நெருங்கியது. இன்னும் மூணு பேர். ரெண்டு பேர். வீத்தோவும் முடிந்தது. சாமியார் கத்தால்தோவின் முன்னால் மண்டியிட்டார்.

"வேண்டாம் சாமி!" கத்தால்தோ அலறிவிட்டான். "என் காலை நீங்க கழுவக் கூடாது!"

கோயில் நெகிழ்ந்துபோனது.

"பேதுரு சொன்ன அதே வார்த்தை! என்னமா நடிக்கிறான் பாரு!" முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சாமியாரும் சுவிசேஷத்தில் உள்ளபடியே பதில் சொன்னார்: "நான் உன்னைக் கழுவலேன்னா, உனக்கு என்கிட்ட பங்கே இல்லை."

வலது கால் முடிந்தது. இடது ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் புண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தீப்புண் களிம்பின் வாடை. பாதத்திலிருந்து கணுக்கால்வரை தோலுரிந்து, ரத்தச் சிவப்பு.

சாமியாரின் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

கத்தால்தோ கண்ணை இறுக மூடிக்கொண்டான். இப்போது பிலோமினா கத்துவாள். 'இவன்தான்!' என்று கூரை இடியக் கத்துவாள். ஒன்று, இரண்டு, மூன்று...

காலில் ஜில்லென்று தண்ணீர் விழுந்தது. அடுத்த நொடி, ஊர் எட்டிப் பார்க்கும் முன்னே, புண் மேல் துண்டு விழுந்தது. மண்டியிட்டுத் துடைப்பதுபோல் குனிந்து, அதைச் சுற்றி மூடிக் கட்டியது இரண்டு கை. பிலோமினாவின் கை.

அவன் காதுக்கு மட்டும் எட்டும்படி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"கீல்வாதமாம், கீல்வாதம்! உன் பூட்ஸ் இருபது நாளா என் அடுப்படியில கிடக்குடா. என் புருஷன் போட்ட தையல் எனக்குத் தெரியாதா? ஊரைக் கூட்டிச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நீயா வருவேன்னுதான் தினமும் உன் வாசலுக்கு எதிர்ல நின்னு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். இனி சனிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருக்கு. எழுந்திரு. தூணோரம் பெஸ்னிக் நிக்கிறான் பாரு, முதல்ல அவன்கிட்ட போய்ச் சொல்லு... போடா!"