அணைந்த பிறகு வருகிறவன்

ஓர் ஆராய்ச்சி உலைக்குள் குட்டிச் சூரியனைப் போல ஒரு நெருப்பு எரியும். அது அணைந்த பிறகுதான், பழுதுபார்க்கும் இயந்திரக் கையை உள்ளே விடுவார்கள். அந்த நெருப்பை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டுமென்று கைக்கு ஏக்கம். உள்ளே வரும்போதெல்லாம் உலையின் உட்சுவரில் பதித்திருந்த ஒரு தகட்டிடம் கேட்கும்.

"எப்படி இருக்கும்னு சொல்லேன், அக்கா."

"ரோஜா நிறத்துல சுத்திச் சுத்தி வரும்டா. மேல படாது, ஆனா உடம்பெல்லாம் சுடும். எத்தனை தடவைதான் கேப்பே!"

இந்த முறை, கருகிப்போன அந்த அக்காவையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். கை மெல்லக் கழற்றி எடுத்துவிட்டு, புதுத் தகட்டைப் பொருத்தியது.

"பயமா இருக்கு அண்ணா. நெருப்பு எப்படி இருக்கும்?" என்றது புதுசு.

"ரோஜா நிறத்துல சுத்திச் சுத்தி வரும்மா. மேல படாது."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

கை புதுத் தகட்டின் திருகை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தது.

"நீ பார்த்துட்டு எனக்குச் சொல்லு," என்றபடி அக்காவை ஏந்திக்கொண்டு வெளியேறியது. கதவு மூடிக்கொண்டது.