மூன்றாவது மகளின் வயிறு

செத்துப்போன மானின் வயிற்றிலிருந்து எடுத்த உருண்டையை டாக்டர் என் வாளியில் போட்டார். தேங்காய் அளவு இருந்தது. கழுவி, பிரித்து, தட்டில் அடுக்க வேண்டியது என் வேலை.

கை அதன் பாட்டுக்குக் கழுவியது. அழுகை வரும் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். வரவில்லை.

பிறந்த மூன்றாம் நாளே தாயை இழந்த குட்டி. நான்கு மாதம் பால்பவுடர் கலக்கிப் புட்டியில் கொடுத்து வளர்த்தேன்.

"உங்க மூணாவது பொண்ணு சாப்ட்டாளா?" என்று வீட்டுக்காரி தினமும் கிண்டல் செய்வாள்.

இரண்டு வயதான பிறகும் என் செருப்புச் சத்தம் கேட்டால் வேலியோரம் ஓடி வந்துவிடும்.

உருண்டையிலிருந்து முதலில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வந்தது. அப்புறம் ஒரு கேரி பேக். பிஸ்கட் உறை ஒன்று, அச்சு கூட அழியாமல், நேற்று வாங்கியது போல இருந்தது.

உயிரியல் பூங்காவுக்கு வருகிறவர்களிடம் நான் போடாத சண்டை இல்லை. வேலிக்குள் பாக்கெட்டை வீசிய ஒருவரின் சட்டையையே பிடித்திருக்கிறேன். அதற்கு மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

உருண்டையின் நடுப்பகுதி இறுகிக் கிடந்தது. நகத்தால் பிரித்தேன். சின்னச் சின்ன வெள்ளை உறைகள், ஓரத்தில் நீலப் பட்டை. எல்லாவற்றிலும் ஒரே மூலை கோணலாகக் கிழிந்திருந்தது. கிழிசலின் நடுவில் நாக்கு போலச் சின்னதாக ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது.

"யார் போட்டதா இருக்கும்?" படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல் டாக்டர் கேட்டார்.

"பார்க்க வர்றவங்கதான் சார்."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். தட்டில் இருப்பதையெல்லாம் போட்டு வைக்கச் சொல்லி, பிரிக்காத ஒரு கட்டுப் பைகளை என்னிடம் நீட்டினார்.

கை ஈரம். வழுக்கியது. எப்போதும் போலக் கட்டின் மூலையைப் பல்லால் கிழித்தேன்.

டாக்டர் அந்தக் கிழிசலைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு, பாதி உடைந்த என் முன்பல்லைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

அந்த நான்கு மாதமும் ஒரு கையில் புட்டி, மறு கையில் குட்டி. கிழித்த பால்பவுடர் உறையைத் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் செருகி வைப்பேன், வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று.

குட்டி போய் அந்த இடத்தையே நக்கிக்கொண்டு நிற்கும். மூணாவது பொண்ணுக்குப் பால் ருசி பிடிபட்டுவிட்டது என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.