கையெழுத்துக்கு ஓர் ஆட்டம்

“நிரந்தர நியமனக் கடிதத்துல நீங்க இன்னைக்கே கையெழுத்துப் போடணும், சேர்.”

பிரேமிளா அதட்டலாகத்தான் கேட்டாள். தேநீரோடு வந்த ஜெயராணி வாசலிலேயே நின்றுவிட்டாள். ‘அந்தப் பேச்ச மட்டும் எடுத்துறாத தங்கச்சி, இருக்கிறதும் போயிரும்’ என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

பார்சல் கம்பனியின் கண்டிக் கிளை மெனேஜர் மகேந்திரராசா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தனியாக ஆடும் சீட்டாட்டத்தில் எத்தனை வகை உண்டோ, அத்தனையையும் ஒன்லைனில் ஆடுகிறவர். காலையில் ஸ்பைடர், மத்தியானம் கிளாண்டைக், இப்போது ஃப்ரீசெல்.

“பொறு பிள்ளை. இது மாட்டிக்கொண்டு நிக்குது.”

“மூணு வருசமா பொறுத்தாச்சு.”

“கலஹா தோட்டத்தில இருந்து முதல் ஆளாக் கம்பஸ் போனா, இப்பிடியே வாய் காட்டுறது?”

“வாய் கம்பஸ்ல குடுத்தது இல்ல சேர். தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தே கொண்டு போனது.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப இந்த ஆட்டத்தை வெண்டு காட்டு. கையெழுத்து வைக்கிறன்.”

பிரேமிளா குனிந்து பார்த்தாள். சீட்டை ஒதுக்கிவைக்க நாலு இடம். மூன்று நிரம்பிவிட்டது.

“கறுப்பு எட்டு மேல கெடக்குற ராணியக் காலி இடத்துல போடுங்க.”

“விசரே உனக்கு? கடைசி இடமும் போயிடும்!”

“போடுங்க சேர்! இப்ப ஒதுக்கி வச்ச சிவப்பு ஏழ எட்டு மேல வைங்க. கறுப்பு ஆற அந்த ஏழு மேல.”

ஒரே மூச்சில் இரண்டு இடம் திறந்தது. அதன்பிறகு சீட்டுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறி ஓடின.

“வெண்டாச்சு!” மேசையைத் தட்டிய மகேந்திரராசா அடுத்த ஆட்டத்தை விரித்தார். அதைப் பார்த்தபடியே, அவள் நீட்டிய கடிதத்தில் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். “சந்தோசம்தானே? நாளைக்கு நேரத்துக்கு வா.”

பிரேமிளா கடிதத்தை ஜெயராணியிடம் நீட்டினாள். “வாசிங்க அக்கா, உங்க பேருதான். பதினொரு வருசமா நாள் கூலிக்குத் தேத்தண்ணி ஊத்துனது போதும்.”

மகேந்திரராசா அன்று முதல் தடவையாக நிமிர்ந்தார். “அப்ப உனக்கு?”

“பேராதனையில வேற வேலை கெடைச்சிருச்சு சேர். காலையில இருந்து நீங்க மவுஸ் உருட்டுறது என் ராஜினாமாக் கடிதத்து மேலதான்” என்றவள், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.