வாசல் தொட்டி

“கையை முக்குங்க தலைவரே. விரல் நுனி பட்டா போதாது. மணிக்கட்டு மூழ்கணும்.”

தக்காளி விவசாயிகள் சங்கத் தலைவர் அந்தப் பசுமைக்குடிலின் வாசலில் தயங்கி நின்றார். பிளாஸ்டிக் தொட்டியில் இளம்பச்சை நிறத்தில் ஏதோ தண்ணீர். மூக்கைச் சுளித்தபடி கையை விட்டார். குழந்தையைக் குளிப்பாட்டும் தாயைப்போல குடில்காரர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தார். வேலிக்கு வெளியே சங்கத்தின் மற்ற விவசாயிகள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதான் சார் என் ரகசியம். வேலையாளோ, சம்பந்தியோ, இதுல கை முக்காம எவரும் உள்ள போக முடியாது. என் சம்சாரமே ஒருநாள் மறந்துட்டா. வாசலோட திருப்பி அனுப்பிட்டேன்.”

“என்ன மருந்து?”

“எம் பொண்ணு வாராவாரம் லேப்ல இருந்து கேன்ல கொண்டு வர்றா. சோப்புக் கையை விட்டா மருந்து செத்துப்போயிடுமாம். முக்கின ஈரம் காயறதுக்குள்ள உள்ள போய் பக்கக் கொழுந்தைக் கிள்ளணுமாம். ஒருநாள்கூட நான் தவறவிட்டதில்லை.” பக்கத்தில் நின்ற மகளைக் கண்ணால் காட்டினார். “மத்த டாக்டருங்க நோயை விரட்டுவாங்க. இவ சம்பளம் வாங்கிக்கிட்டு வைரஸ் வளக்கிறா. பேரு செடி டாக்டராம்! ஏதோ, இந்த மருந்தையாவது உருப்படியா செஞ்சா.”

மகள் சிரிக்கவில்லை. தலைவர் பையிலிருந்து எடுத்த சோதனைப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வட்டாரத்துக் குடில்களில் எல்லாம் ஒரு வைரஸ் புகுந்து, இலையைச் சுருட்டி, காயில் தழும்பு போட்டு, செடியையே கருக்கியிருந்தது. தலைவரின் குடிலில் பேருக்குக்கூட ஒரு செடி மிச்சமில்லை. இங்கே மட்டும் காய் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. சோதனையில் நோய் இல்லை என்று வந்தால், அடுத்த பருவத்துக்கு எல்லாருக்கும் நாற்று இங்கிருந்துதான். நோய் என்று வந்தால், சங்க விதிப்படி இன்றைக்கே அத்தனை செடியையும் பிடுங்கி எரிக்க வேண்டும். அந்த விதியைக் கொண்டுவரச் சொல்லி மேசையைத் தட்டியதே நம் குடில்காரர்தான்.

தலைவர் ஓர் இலையைக் கிள்ளி, சின்னக் குழாயில் போட்டு நசுக்கி, பட்டையை நனைத்தார்.

“ஒரு கோடுதான் வரும், நோயில்லைன்னு. எழுதி வெச்சுக்குங்க,” என்று குடில்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

இரண்டு கோடு வந்தது.

வேறு வரிசையில் வேறு இலை. அதிலும் இரண்டு. கடைசி மூலைச் செடியிலிருந்து குடில்காரரே கிள்ளிக் கொடுத்தார். அதிலும் இரண்டுதான்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மகள் பக்கம் திரும்பினார். “நீதான்! உன் லேப்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. என் குடிலையே அழிச்சிட்டியே!”

“நான்தான்பா கொண்டு வந்தேன். தெரிஞ்சுதான் கொண்டு வந்தேன்.”

மகள் தலைவர் பக்கம் திரும்பினாள்.

“இந்தப் பட்டைக்கு வைரஸோட குடும்பப் பேர்தான் சார் தெரியும், ஆள் தெரியாது. உங்க செடியைக் கொன்னவன் முரடன். இங்க இருக்கிறவன் அவனுக்குச் சொந்தக்காரன், பரம சாது. ஒரே ஒரு பழத்துல தழும்பு காட்டுங்க பார்ப்போம்.”

தலைவர் வரிசை வரிசையாகத் தேடினார். காட்ட முடியவில்லை.

“செடியோட செல்லுக்குள்ள முதல்ல ஏறினவன், பஸ்ல துண்டு போடற மாதிரி இடம் பிடிச்சிடுவான். வேத்தாளு வந்தாகூடப் போனாப் போகுதுன்னு விட்டுடுவான். சொந்தக்காரனை மட்டும் விடவே மாட்டான். ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒரே சாப்பாடு, ஒரே இடமாச்சே.”

“எங்க அண்ணன் தம்பி கதையால்ல இருக்கு!” என்ற தலைவருக்கு மெல்ல விளங்கியது. “அப்போ முரடன் இந்தக் குடிலுக்கும் வந்தானா?”

“வந்தான் சார். இடம் கிடைக்காமத் திரும்பிட்டான். வாராவாரம் லேப்ல பார்த்துட்டுத்தான் இருக்கேன்.” அவள் குரலில் பெருமை வந்திருந்தது. “இந்தச் சாதுவைத் தேடிப் பிடிச்சு, வளத்து, சோதிச்சு, முறையா அனுமதியும் வாங்கியிருக்கோம். குடில் அம்மா பேர்ல இருக்கு. அவங்ககிட்ட கேட்டுட்டேன். அப்பாகிட்ட கேட்டிருந்தா கேனோட என்னையும் சேர்த்து எரிச்சிருப்பாரு.”

தலைவர் ஒரு பழத்தைத் தடவிப் பார்த்தார். செத்துப்போன தன் செடிகள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கண் கலங்கியது. “விதியை மாத்த நான் பேசறேம்மா. அடுத்த பருவத்துக்கு நாத்து இங்க இருந்துதான்.”

குடில்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இத்தனை நாள் காவல் காத்தது வீணாகப் போனதே என்று அவருக்கு ஆத்திரம். “அதெல்லாம் சரி. உள்ள எப்படி வந்துச்சு? அந்தத் தொட்டியில கை முக்காம ஒரு ஆளைக்கூட நான் விட்டதில்லையே!”

“அதனாலதான்பா, கொழுந்து கிள்ளின காயம் வழியா ஒரு செடி பாக்கியில்லாம போய்ச் சேர்ந்துச்சு,” என்றாள் மகள். “தொட்டியில இருந்தது மருந்தில்லை. அந்தச் சாதுதான்.”

குடில்காரர் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வாசலுக்குப் போய், தொட்டியின் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, வேலிக்கு வெளியே நின்றவர்களுக்குக் கேட்கும்படி கத்தினார்: “வாங்கய்யா, ஒவ்வொருத்தரா வந்து முழங்கை வரைக்கும் முக்குங்க! எம் பொண்ணு வளத்த நோய்!”